பயில்வான் எலிக்குப் பயந்த கதை

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது இல்லை. எல்லோருக்கும் அவர் பயில்வான்தான். மல்யுத்தம், சிலம்பம் என்று அவர் எதையும் கற்றதில்லை. இருபத்தைந்து வயதில், சந்தையிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்த ஒரு காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்தினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது அறுபத்திரண்டு வயது. முழங்கால் வலித்தால் மறுநாள் மழை என்று அர்த்தம். ஆனாலும் தவிட்டு மூட்டையைத் தலையணையைத் தூக்குவது போலத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். பிரசவத்தில் குறுக்கே மாட்டிக்கொண்ட கன்றை முழங்கை வரை கைவிட்டுத் திருப்பி வெளியே எடுப்பார். அவர் பயந்து யாரும் பார்த்ததில்லை.

ஆனால் பயில்வானுக்கு எலி என்றால் பயம். அருவருப்பு, எரிச்சல் என்று சொல்லிப் பூசி மெழுக முடியாத பயம். எட்டு வயதில் ஒரு மத்தியானம் வைக்கோலில் படுத்துத் தூங்கியபோது எலி ஒன்று சட்டைக்குள் புகுந்துவிட்டது. வெளியே போக வழி தெரியாமல் அது முதுகிலும் வயிற்றிலும் சுற்றிச் சுற்றி ஓடியது. அந்தச் சின்னக் கால்களின் சில்லிப்பு ஐம்பத்து நான்கு வருஷமாகியும் அவர் முதுகைவிட்டுப் போகவில்லை. இதை அவர் பெற்றவளிடம்கூடச் சொன்னதில்லை. காளையைப் பிடித்த பிறகு யாரிடம் சொல்வது?

பதினான்கு மாடுகள் நிற்கிற கொட்டகையை வைத்துக்கொண்டு எலிக்குப் பயப்படுவது சாதாரணக் காரியமில்லை. அவர் சமாளித்த விதம் விஷம். நீண்ட இடுக்கியால் விஷக் கட்டியை எடுத்து மூலைக்கு மூலை போடுவார். செத்துக் கிடப்பதை மனைவி மண்வெட்டியில் வாரிக்கொண்டு போய்ப் புதைப்பாள். "எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, குனிய முடியல" என்பார். அந்த இடுப்பு அதற்கு முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டதே இல்லை.

போன மழைக்காலத்தில் நிலைமை கைமீறியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன்னுடைய பழைய தானியக் கிடங்கை இடித்துத் தள்ளினார். அதில் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்த எலிகள் எல்லாம் நனையாத இடம் தேடிக் குடும்பம் குடும்பமாகப் பயில்வான் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. தீவன மூட்டைகள் அடியில் கிழிந்து ஒழுகின. பால் கறக்கும் இயந்திரத்தின் ரப்பர் குழாயில் பல் பதிந்தது. ஒரு நாள் காலை கறவைக்கு நடுவில் இயந்திரமும் விளக்கும் சேர்ந்தே நின்றுபோயின. மின்கம்பியைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது ஒன்று. அன்றைக்கு எல்லா மாட்டையும் கையால் கறந்து முடிப்பதற்குள் விரல்கள் மரத்துவிட்டன.

பயில்வான் விஷத்தை இரண்டு மடங்காக்கினார். நான்காவது நாள் அவருடைய நாய் சாப்பிடாமல் படுத்துக்கொண்டது. கறுப்பு நாய், ஒரு காது மட்டும் வெள்ளை. கொட்டகையின் பாதிப் பொறுப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு திரிகிற ஜென்மம். வாயைத் திறந்து பார்த்தால் ஈறெல்லாம் ரத்தம். பயில்வான் அதைச் சாக்கில் சுற்றிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மாட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினார்.

டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எலி மருந்து வச்சீங்களா?"

"நாய் எட்டாத இடத்துலதான் வச்சேன்."

"நாய் மருந்தத் தின்னல ஐயா. மருந்து தின்ன எலியத் தின்னுருக்கு. ரத்தம் உறையாமப் போயிடும். நல்ல வேளை, இப்பவே கொண்டு வந்தீங்க. மூணு வாரம் மாத்திரை தரணும், பிழைச்சுக்கும். ஆனா இனிமே உங்க கொட்டகைல விஷம் இருக்கக் கூடாது. அடுத்த தடவை நாயத் தூக்கிட்டு வந்தீங்கன்னா நான் முதல்ல உங்களுக்குத்தான் ஊசி போடுவேன்."

பயில்வான் தலையாட்டினார். நாய் பிழைக்கும் என்ற நிம்மதியில் பாதி வழி வந்துவிட்டார். பிறகுதான் உறைத்தது. விஷம் இல்லை என்றால் வேறு என்ன? 

வீட்டில் அதற்கு விடை தயாராக இருந்தது. மருமகள் வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. நகரத்தில் பேக்கரி வைத்திருந்தவரின் பெண். மாட்டைக் கண்டால் இன்னமும் இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். மாடு தும்மினால் அவள் வாசலுக்குப் போய்விடுவாள். அதனால் அவளுக்குக் கொட்டகை வேலை எதுவும் ஒத்து வராது என்று பயில்வான் தீர்மானித்திருந்தார். எலி என்றதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எலியா? அவ்வளவுதானே மாமா? எங்க பேக்கரில மாவு மூட்டைக்கு நடுவுலதான் நான் வளர்ந்தேன். சாப்பாட்டுச் சாமான் இருக்கற இடத்துல விஷம் வைக்க முடியுமா? அப்பா எல்லாத்தையும் பொறி வச்சேதான் பிடிப்பாரு. நீங்களும் நானும் சேர்ந்தா ஒரே மாசத்துல முடிச்சிடலாம்."

"உன் புருஷனக் கூப்பிட்டுக்கோயேன்மா. அவன் சின்னப் பையன், ஓடியாடிச் செய்வான்."

"அவர் பால் வண்டிய எடுத்துட்டுப் போனா மத்தியானம்தானே வர்றாரு. அதோட, உங்களுக்குத் தெரிஞ்ச அளவு கொட்டகை அவருக்குத் தெரியுமா மாமா?"

பயில்வான் சரி என்றார். மனைவி அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். 

முதல் நாள் மருமகள் தீவன அறைத் தரை முழுக்கச் சலித்த மாவை மெல்லிசாகத் தூவினாள். மறுநாள் காலை பார்த்தால் மாவில் கோலியளவு காலடிகள், நடுவில் வால் இழுத்த கோடு. எது எந்தப் பக்கம் போகிறது, எங்கே நின்று திரும்புகிறது என்று செய்தித்தாளைப் படிப்பது போல அவள் படித்துக்கொண்டே போனாள். "எலி நடு ரூம்ல நடக்கவே நடக்காது மாமா. சுவரை ஒட்டியேதான் போகும். மீசை சுவர்ல படணும் அதுக்கு." பயில்வான் வாசலில் நின்றபடி "ஆமா, ஆமா" என்றார். ஏன் உள்ளே வரவில்லை என்று அவள் கேட்டதற்கு, "மேற்பார்வைக்கு ஒருத்தர் வெளிய இருக்கணும்" என்றார்.

ஆனால் ஓட்டை அடைக்கிற வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டை விரல் நுழைகிற ஓட்டையில் குட்டி எலி நுழையும் என்று அவள் சொல்லிவிட்டாள். அன்று முதல் அவர் வெளிப்புறத்தில் கட்டை விரலை நீட்டிக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தார். நாற்பத்தோரு ஓட்டைகள். கண்ணாடிச் சில்லைக் கலந்து சிமெண்ட் பூசினார். கதவின் அடியில் தகரம் அடித்தார். சாக்கடைக் குழாய் வாயில் கம்பி வலை கட்டினார். சுவரோரம் பத்து வருஷமாகச் சாய்ந்து கிடந்த விறகையும் பழைய டயர்களையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். மூட்டைத் தீவனமெல்லாம் மூடி போட்ட இரும்பு டிரம்முக்கு மாறியது. எல்லாமே பகல் வெளிச்சத்தில் செய்கிற, பெரும்பாலும் வெளியே நின்று செய்கிற வேலை. பயில்வானுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. எலி விஷயம் இவ்வளவுதானா என்றுகூட நினைத்தார்.

பொறி வைக்கிறதற்கு மருமகள் அவசரப்படவில்லை. இருபது பொறிகளைச் சுவரோரமாக வரிசையாக வைத்து, வறுத்த கடலையை அரைத்து அதில் தடவினாள். ஆனால் வில்லைப் பூட்டவில்லை.

"மறந்துட்டியேம்மா."

"மறக்கல மாமா. புதுசா ஒரு சாமான் வந்தா எலி நாலு நாள் கிட்டயே வராது. சந்தேகப் பிராணி. சும்மா வச்சாத் தின்னு பழகும். பழகினப்புறம் ஒரே நாள்ல பூட்டணும்."

நாலு நாள் பொறிகளைச் சீண்டாமல் இருந்த எலிகள் அதற்குப் பிறகு மூன்று நாள் விருந்து சாப்பிட்டன. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அவள் இருபதையும் பூட்டினாள்.

மறுநாள் விடிந்து கறவை முடிந்ததும் தீவன அறையைத் திறந்தார்கள். பதின்மூன்று பொறிகள் வேலை செய்திருந்தன. மருமகள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டாள். முதல் எலியை எடுக்கும்போது மட்டும் ஒரு நொடி நின்று, "பாவம்தான்" என்றாள். பிறகு நிற்கவில்லை. பயில்வான் வாசலில் நின்று உத்தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"மாமா, வாளி நிறைஞ்சிடுச்சு. அந்த இன்னொரு வாளியக் கொண்டாங்களேன்."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஒன்று, இரண்டு, மூன்று அடி. ஓரத்துப் பொறியில் வால் மட்டும் மாட்டிக்கொண்டிருந்த ஒரு எலி அந்த நேரம் பார்த்து உதறிக்கொண்டு விடுபட்டது. போக ஓட்டையெல்லாம் அடைபட்டுவிட்டதால் அறையை ஒரு சுற்றுச் சுற்றி நேராக அவருடைய கால்களுக்கு நடுவில் பாய்ந்தது.

அடுத்து என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. மருமகள் கேட்டது ஒரு அலறல். திரும்பிப் பார்த்தால், முப்பத்தேழு வருஷத்துக்கு முன் காளையைப் பிடித்து நிறுத்திய மனிதர் இரும்பு டிரம்மின் மேல் ஏறி, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க நடுங்கியதில் டிரம்மின் மூடி கடகடவென்று சத்தம் போட்டது.

மருமகளுக்கு ஒரு கணம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கிவிட்டது. "மாமா..." என்று கிட்டே போனாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அலறல் கேட்டு மனைவி வந்துவிட்டாள். நிலைமையைப் பார்த்து அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. துடைப்பத்தை எடுத்து எலியை வாசல் பக்கம் விரட்டினாள். வெளியே படுத்திருந்த நாய் மாத்திரை சாப்பிட்ட உடம்போடு எழுந்து மீதியைப் பார்த்துக்கொண்டது.

"போயிடுச்சு. இறங்குங்க" என்றாள்.

"எலியப் பார்த்து ஒண்ணும் இல்ல. கால் வழுக்கிடுச்சு" என்றார் அவர், டிரம்மின் உச்சியிலிருந்து.

"வழுக்கினா கீழதான் விழுவாங்க. மேல போக மாட்டாங்க."

 அவள் டிரம்மின் பக்கத்தில் வந்து கழன்று கிடந்த அவருடைய செருப்பை எடுத்துக் கீழே சரியாக வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? கல்யாணம் ஆகி மூணாம் மாசமே தெரியும். தினம் காலைல நான் ஏன் உங்களுக்கு முன்னாடி கொட்டகைக்குப் போறேன்? வாளியும் மூடியும் ஏன் அப்படித் தட்டறேன்? எல்லாம் ஓடி ஒளியட்டும்னுதான்."

பயில்வான் அவளையே பார்த்தார். முப்பத்தாறு வருஷம். ஒரு நாள் விடாமல் அந்த வாளிச் சத்தம். ஏன் இவளுக்குப் பொருளை மெதுவாக வைக்கத் தெரியவில்லை என்று எத்தனையோ முறை சிடுசிடுத்திருக்கிறார். "காது போகுது" என்று கத்தியிருக்கிறார். அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றார். 

"நீங்களா சொல்லணும்னு இருந்தேன். பாருங்க, சொல்ற ஆளா நீங்க!"

அவர் இறங்கினார்.  மாடுகளைக் குளிப்பாட்டினார், குளித்த மாட்டையே மறுபடியும் குளிப்பாட்டினார். மருமகள் எதுவுமே நடக்காதது போல நடந்துகொண்டது அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் அவளே வந்து பக்கத்தில் நின்றாள்; மாட்டிலிருந்து இரண்டடி தள்ளித்தான்.

"மாமா, இந்த மாடு தும்மினா எனக்கு உயிரே போயிடுது."

"அது ஒண்ணும் பண்ணாதும்மா."

"தெரியும் மாமா. எலியும் ஒண்ணும் பண்ணாது. தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

பயில்வானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 

இரண்டு வாரத்தில் பொறிகளில் விழுவது குறைந்தது. ஆனாலும் மாவில் காலடி நிற்கவில்லை. தடமெல்லாம் ஒரே இடத்தில் போய் மறைந்தன. அது அவருடைய அப்பா செய்துவைத்த மரத் தீவனப் பெட்டி. நான்கு ஆள் நீளம், மூன்று விரல் கனப் பலகை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அதை யாரும் அசைத்ததில்லை. அதன் அடியில்தான் கூடு. பொறியில் சிக்காத சாமர்த்தியசாலிகள் அங்கே இருந்துகொண்டு மறுபடியும் பெருகும்.

கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தாள் மருமகள். தரை ஈரத்தில் இளகி, கடப்பாரைதான் புதைந்தது.

"மத்தியானம் உங்க பையன் வரட்டுமே" என்றாள் மனைவி.

பயில்வான் வெளியே போனார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதன் மேல் கால்சட்டையின் நுனியைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். சட்டையை உள்ளே செருகி, கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் தூக்கறேன். நீங்க ரெண்டு பேரும் கீழ பாத்துக்கோங்க. எனக்கு எதுவும் சொல்லாதீங்க, எத்தனைன்னு எண்ணாதீங்க."

நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மனைவி ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் வாளியோடு நின்றாள். பயில்வான் பெட்டியின் கோடியில் விரல்களைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துத் தூக்கினார். பலகை கிறீச்சிட்டது. ஒரு பக்கம் முழங்கால் உயரம் எழும்பியது.

அடியிலிருந்து எலிகள் கொட்டின. மனைவி மண்வெட்டியால் வாளியை ஓங்கி ஓங்கித் தட்டினாள். நாய்க்குப் பத்து வாயிருந்தாலும் போதாத வேலை. மருமகள் முட்டுக்கொடுக்க ஒரு மரத்துண்டை உள்ளே தள்ளி, கையைத் தோள் வரை விட்டுக் கூட்டை இழுத்தாள். சாக்குக் கந்தலும் வைக்கோலும் மாட்டு மயிருமாகப் பந்து பந்தாக வந்தது. அப்போது ஈரத் தரையில் முட்டுக்கட்டை சறுக்கியது.

"மாமா, விட்டுடாதீங்க! கை உள்ள இருக்கு!"

அதே நேரத்தில் ஒரு எலி அவருடைய பூட்ஸின் மேல் ஏறியது. கால்சட்டையைப் பற்றிக்கொண்டு தொடை வரை வந்தது. துணிக்கு மேலேதான், ஆனால் அந்தக் கால்களின் நடை அவருக்குத் தெரியாதா? எட்டு வயது மத்தியானம் முழுசாகத் திரும்பி வந்தது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. கைகள் மட்டும் அசையவில்லை. எலி இடுப்புக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது, முழங்கை வழியாகப் பெட்டியின் மேல் தாவி ஓடியது. கைகள் அசையவில்லை.

"எடுத்துட்டேன் மாமா! இறக்குங்க!"

பெட்டி தரையில் உட்கார்ந்தது. பயில்வானும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் வழிந்தது வியர்வையா கண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை. மருமகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மனைவி குனிந்து அவருடைய காலில் கட்டியிருந்த சணலை அவிழ்த்தாள். முடிச்சு அவ்வளவு இறுகியிருந்ததால் கடைசியில் கத்தரிக்கோல்தான் உதவியது.

கொட்டகையில் எலியே இல்லை என்று சொன்னால் அது பொய். மாடும் தீவனமும் இருக்கிற இடத்தில் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். பொறி சுவரோரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பயில்வான் கட்டை விரலை நீட்டிக்கொண்டு சுற்றி வருகிறார். நாய் பழையபடி பாதிப் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டது. அவருடைய பயமும் போகவில்லை. அதை மறைப்பதை மட்டும் விட்டுவிட்டார். பால் சேகரிப்பு நிலையத்தில் அவரே வாய்விட்டுச் சொன்னபோது எல்லோரும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, பாலை அளக்கிறவர் மெல்ல, தனக்குக் கோழி என்றால் ஆகாது என்றார். இரும்புக் கடைக்காரர் வெகு நேரம் யோசித்துவிட்டு, பல் டாக்டர் என்றார்.

ஒரு சாயங்காலம் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பயில்வான் மனைவியிடம் கேட்டார்.

"உனக்கு எதுலயும் பயமே இல்லையா?"

அவள் துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னாள். "ஏணி."

"எந்த ஏணி?"

"பரண் ஏணிதான். நாலு படி ஏறினதும் தலை சுத்தும். கீழ பார்க்காம ஏறிடுவேன். இறங்கறப்பத்தான் உயிர் போகும்."

தினம் இரண்டு வேளை அந்த ஏணியில் ஏறி வைக்கோல் தள்ளியவள் அவள்தான். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பயில்வான் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் அவருடைய காலையே நனைத்துக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து வைக்கோல் தள்ளுவது அவர் வேலை. அதோடு நிற்கவில்லை. தச்சரை வரவழைத்து, பரணுக்கு அகலமான பலகைப் படியும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வைக்கச் சொன்னார். தச்சர் படிக்கு ஒன்பது அங்குல உயரம் போதும் என்றார். பயில்வான் ஏழுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். படி முடிந்த அன்று மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினாள். பாதியில் நின்று, முதல் தடவையாகக் கீழே எட்டிப் பார்த்தாள். பதினான்கு மாடுகளின் முதுகு வரிசையாகத் தெரிந்தது.

"இங்கேருந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்றாள்.